எட்டாம் அத்தியாயம்

மாதவரம் பால்பண்ணை
9.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் இங்கே சௌக்கியம். உன் உடம்பு எப்படி இருக்கிறது, மாமாவின் முழங்கால் வலி குறைந்ததா என்று எழுது. மகிழினி பன்னிரண்டாம் வகுப்பு. தாய்மாமன் என்ற முறையில் சொல்கிறேன், அவள் கையிலிருந்து போனைப் பிடுங்கி வை.

இத்துடன் என் நாவல் 'ஆற்றுவாய்' வருகிறது. அட்டையில் பகலவன் என்ற பெயரைப் பார்த்து நீ அழுவாய். அழு, ஆனால் அட்டை நனையாமல் அழு. நான் குஜராத்தில் காண்ட்லா துறைமுகத்தில் கிடந்த நான்கு வருஷமும் நீ மாதம் தவறாமல் எழுதிய கடிதங்கள்தான் இந்தப் புத்தகம். அதிலும் எட்டாம் அத்தியாயம், நம் ஊர்த் தாமோதரன் அண்ணன் செத்த அன்று நடந்ததாக நீ எழுதினாயே, அந்த ஒரு கடிதத்திலிருந்து வந்தது. படித்தவர்கள் எல்லோரும் அந்த அத்தியாயத்தைத்தான் சொல்கிறார்கள்.

சொல்கிறவர்கள் குறைவு என்பதுதான் சங்கடம். ஒரு மாதத்தில் எழுபத்தொரு பிரதி போயிருக்கிறது. அதில் பாதி எங்கள் லாரி புக்கிங் ஆபீஸ் ஆட்கள் தலையில் நான் கட்டியது. பதிப்பாளர் சில்வியா அம்மா உட்கார வைத்துப் பாடம் நடத்தினார். "எழுதி முடிச்சா பாதி வேலைதான் பகலவன். முதல் ஆறு மாசம் அடுப்பை ஊதிக்கிட்டே இருக்கணும். அணைஞ்சா திரும்பப் பத்தாது" என்றார். வாரம் ஒரு பதிவு போட வேண்டும். இருபது நல்ல வாசகர்களைப் பிடித்து அவர்களைப் பேச வைக்க வேண்டும். ஒரு அத்தியாயத்தை நானே வாசித்துக் குரல் பதிவாக வெளியிட வேண்டும். எட்டாவதைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். அழுத பிள்ளைக்குத்தானே பால்!

பக்கத்தில்தானே இருக்கிறான், இன்னும் எதற்குக் கடிதம் என்று மாமா கேட்பார். போனில் நீ பேசினால் பாதி இருமல், பாதி மீன்விலை. எழுதினால்தான் நீ நீயாக இருக்கிறாய். ஊர் விஷயம் எதையும் விடாமல் எழுது, எனக்கு எழுத ஆகும்.

உன் தம்பி,
பகலவன்


நெட்டுக்குப்பம்
28.9.2024

பிரியமுள்ள தம்பி பகலவனுக்கு உன் அக்கா கன்னியம்மா எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் எல்லோரும் இருக்கிறோம். மாமாவுக்குக் கால் வலி அப்படியேதான். நீ வேளைக்குச் சாப்பிடு.

புத்தகம் வந்தது. நீ சொன்னபடியே அழுதேன். மகிழினி தினம் ஒரு அத்தியாயம் சத்தமாகப் படித்தாள். மாமா வலையைப் பின்னிக்கொண்டே கேட்டார். மீன் ஏலத்தில் பொம்பளைகள் சண்டை போடுகிற இடத்தில் சிரித்துவிட்டார். அவர் சிரித்துப் பார்த்து எத்தனையோ நாளாகிறது என்று நினைத்துக்கொண்டேன். ஏழு முடிந்ததும் புத்தகத்தை வாங்கி வைத்துவிட்டேன். எட்டை நான் மட்டும் படித்தேன். தாமோதரன் அண்ணனுக்கு முத்தையா என்று வைத்திருக்கிறாய். நல்ல பெயர்.

தம்பி, எழுபத்தொன்று குறைச்சலா? எழுபத்தொரு பேர் உன்னைப் படித்திருக்கிறார்கள், அது போதாதா?

குரலில் போடுவதாக இருந்தால் அந்த ஏல அத்தியாயத்தைப் போடேன். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். எட்டு வேண்டாம்.

உன் அக்கா,
கன்னியம்மா


மாதவரம்
20.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்கள் மூவரும் நலமாக இருக்க வேண்டும். மழை தொடங்கிவிட்டது, தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள்.

உன் கடிதம் வருவதற்குள் பதிவு போய்விட்டது. கோபித்துக்கொள்ளாதே. ஏல அத்தியாயத்தைப் போட்டிருந்தால் சிரித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள். எட்டாவதைப் பதினோராயிரம் பேர் கேட்டிருக்கிறார்கள் அக்கா! ஒருத்தர் பத்துப் பேருக்கு அனுப்புகிறார். ஆற்றை மூட வருகிற மண் லாரிகளை எதிர்த்து நின்ற மனிதனை விடியலில் படகிலிருந்து தள்ளி, கழியால் தலையை அமுக்குகிற இடத்தில் என் குரலே உடைந்துவிட்டது. வேஷமில்லை, நிஜமாகவே உடைந்தது.

எல்லோரும் ஒரே கேள்வி கேட்கிறார்கள். இது நடந்ததா? சில்வியா அம்மா என் வாயைப் பொத்தினார். "பதில் சொல்லாதே. கேள்வி இருக்கிற வரைக்கும்தான் புத்தகம் ஓடும்" என்றார். அதையே சுவரொட்டியில் போட்டுவிட்டோம். 'நடந்ததா?' என்று ஒரே ஒரு வார்த்தை. முதல் பதிப்பு முந்நூறும் தீரப்போகிறது. நேற்று வியாசர்பாடி நூலகத்தில் கூட்டம், உட்கார இடமில்லை.

எட்டு ஏன் வேண்டாம் என்று நீ எழுதவே இல்லையே? பெயரெல்லாம் மாற்றித்தானே இருக்கிறேன்.

தம்பி,
பகலவன்


நெட்டுக்குப்பம்
12.11.2024

தம்பிக்கு,

இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை. உனக்கும் ஒன்றும் வராமல் இருக்க வேண்டும்.

ஏன் என்று கேட்டாய். வாயால் சொல்லத் தெம்பில்லை, எழுதுகிறேன். உன் குரல் ஊர் ஆட்களின் போன் குழுவில் வந்துவிட்டது. நம் ஊரில் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கிப் படிக்க யாருமில்லை என்றுதான் நானும் தைரியமாக இருந்தேன். போனில் வந்தால் கேட்காதவன் யார்? டீக்கடையில் சத்தமாக வைத்திருந்தார்கள். மாமா அங்கேதான் இருந்தார்.

நீ பெயரை மாற்றினாய் தம்பி. முறையை மாற்றவில்லை. ஆற்றுவாயில் வலை கட்ட நமக்குப் பாடு இருக்கிறதே, மறந்துவிட்டாயா? இன்ன நாளில் வடக்குப் பாடு இன்ன வீடு, தெற்குப் பாடு இன்ன வீடு என்று கோயில் நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு வீட்டுக்கு இருபத்து நாலு நாளைக்கு ஒருமுறை வரும். அந்த நாளில் அந்த இடத்தில் வேறு யாரும் வலை போடக் கூடாது. நீ பதினைந்து வயதில் ஹாஸ்டலுக்குப் போனவன். ஊரில் இருப்பவனுக்கு அது மனப்பாடம். நீ என்ன வாசித்தாய்? "ஐப்பசி அமாவாசைக்கு மறுநாள், தெற்குப் பாட்டில் வலை கட்டியிருந்தவன் மட்டும் அதைப் பார்த்தான்." டீக்கடையிலேயே விரல் விட்டு எண்ணிவிட்டார்கள்.

ஒருத்தன் கேட்டானாம், "இன்னா துரை, அன்னிக்கி தெக்குப் பாடு உன்துதானேபா? தாமோதரன் கால் வழுக்கி வுழுந்தான்னுதான ஊரே சொல்லிக்கினு கீது?" மாமா டீயை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் உனக்கு எழுதியது அதுவரை அவருக்குத் தெரியாது. "நாலு வருசமா பொணம் மாதிரி வாய மூடிக்கினு இருந்தேன் கன்னிம்மா. உங்கிட்ட மட்டுந்தான் சொன்னேன்" என்றார். அதற்கப்புறம் என்னோடு பேசுவதில்லை.

அந்தப் பதிவை எடுத்துவிடு.

அக்கா


மாதவரம்
24.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பாடு என் நினைவில் இருந்தது, அதை எண்ணிப் பார்ப்பார்கள் என்பதுதான் தோன்றவில்லை. நுணுக்கமாக எழுது, நுணுக்கம்தான் நம்ப வைக்கும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள், எழுதிவிட்டேன். மாமாவிடம் நான் காலில் விழுந்ததாகச் சொல்.

பதிவை எடுத்துவிட்டேன். ஆனால் ஊரார் போனில் இருப்பதை நான் எப்படி எடுப்பது? ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நாலு நாள் பேசுவார்கள், அப்புறம் வேறு கதை கிடைக்கும். தவிர, நீ பயப்படுகிற மாதிரி ஊர் நம் மேல் கோபமாக இல்லை அக்கா. நல்ல சேதி ஒன்று சொல்கிறேன். நம் எண்ணூரிலிருந்தே ஒரே ஆள் இருநூறு பிரதி கேட்டு எழுதியிருக்கிறார்! தள்ளுபடிகூடக் கேட்கவில்லை. "எங்க ஊர்ப் பிள்ளை எழுதியது, எல்லோரும் படிக்கட்டும்" என்று சில்வியா அம்மாவிடம் சொன்னாராம். அவருக்காகவே இரண்டாம் பதிப்பை அவசரமாக அச்சுக்குக் கொடுத்தோம். முதல் கட்டு அடுத்த வாரம் உங்கள் ஊருக்கு வந்துவிடும். புத்தகக் காட்சிக்குள் இரண்டாம் பதிப்பு என்றால் அதன் மரியாதையே வேறு.

ஆற்றுவாயிலேயே ஒரு வாசிப்புக் கூட்டம் வைக்கலாமா என்றுகூடப் பேசிக்கொண்டிருக்கிறோம். நீ என்ன சொல்கிறாய்?

பகலவன்


நெட்டுக்குப்பம்
18.12.2024

தம்பிக்கு,

நாங்கள் இருக்கிறோம்.

கூட்டம் வைக்காதே. இந்தப் பக்கமே வராதே. இருநூறு பிரதி வாங்கியது யார் என்று உனக்குத் தெரியவில்லையா? மண் காண்டிராக்ட் எடுத்திருக்கிற மேட்டு வீட்டுக்காரர்தான். நீ எட்டாம் அத்தியாயத்தில் 'பெரிய மனிதர்' என்று எழுதியிருக்கிறாயே, அவர்தான். கட்டுகள் பிரிக்காமல் அவர் வீட்டு வாசலில் அடுக்கிக் கிடக்கின்றன. ஒரு கட்டை மட்டும் பிரித்திருக்கிறார்கள். ஊரில் ஒருவருக்கும் ஒரு பிரதியும் தரவில்லை.

போன வாரம் அவரே நம் வீட்டுக்கு வந்தார். லட்டு டப்பாவோடு வந்தார். மாமா உள்ளே படுத்திருந்தார், எழுந்து வரவில்லை. "கன்னிம்மா, உன் தம்பி இன்னாமா எழுதிகீறான்! கூடவே குந்தி பாத்தாப்ல கீது. யாரோ பாத்தவங்கோதான் சொல்லிக்கணும், இன்னா?" என்று சிரித்தார். போகும்போது மகிழினியைப் பார்த்து, "பாப்பா எந்த பஸ்ல இஸ்கூலுக்குப் போது?" என்று கேட்டார். அன்றிலிருந்து அவளை நான் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருகிறேன். மீன் வியாபாரத்துக்குப் போய்ப் பத்து நாளாகிறது.

முந்தாநாள் நம் முறை. மாமா போனபோது ஆற்றில் நட்டிருந்த கழிகளைப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். வலையை அறுத்து மடித்து, துவைத்த துணி மாதிரி அழகாக மடித்து, கரையில் வைத்திருந்தார்கள்.

அடுத்த முறை ஜனவரி ஒன்பது. விடிகிறதற்கு முன்னால் அவர் தெற்குப் பாட்டில் தனியாக நிற்பார் என்பது ஊருக்கே தெரியும். அதற்குள் நீ ஒன்று செய்ய வேண்டும். உன் பதிவில் எழுது. எல்லாம் என் கற்பனை, அமாவாசையும் தெற்குப் பாடும் நானாக இட்டுக்கட்டியது, எனக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை, என் மாமாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று எழுது. உன் கேள்விக்கு நீயே பதில் சொல்லிவிடு. நடக்கவில்லை என்று சொல்லிவிடு.

உன்னை இதுவரை ஒன்றும் கேட்டதில்லை.

அக்கா


மாதவரம்
27.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் பத்திரமாக இருக்க வேண்டும்.

நீ கேட்டதைச் செய்கிறேன். சத்தியமாகச் செய்கிறேன். பதினைந்து நாள் மட்டும் பொறுத்துக்கொள். இன்று நந்தனத்தில் புத்தகக் காட்சி தொடங்குகிறது, ஜனவரி பன்னிரண்டு வரை. இரண்டாம் பதிப்பு முழுக்க 'நடந்ததா?' என்ற பட்டையைச் சுற்றி வைத்திருக்கிறோம். வாசலில் சுவரொட்டியும் அதுதான். இன்றைக்குப் போய் நடக்கவில்லை என்று நானே சொன்னால் கடையை மூடிக்கொண்டு போக வேண்டியதுதான். சில்வியா அம்மா தன் நகையை வைத்து அச்சடித்திருக்கிறார். நாற்பத்திரண்டு வயதில் எனக்கு முதல்முறையாக ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள் அக்கா. இது உனக்குச் சின்ன விஷயமாகப் படலாம்.

பன்னிரண்டு சாயங்காலம் கடை மூடியதும் நீ சொன்னதை வார்த்தை மாறாமல் போடுகிறேன். ஒன்பதாம் தேதி மட்டும் மாமாவைப் போக வேண்டாம் என்று சொல். ஒரு பாடு போனால் என்ன? மூன்று பேரும் கிளம்பி இங்கே வந்துவிடுங்கள், பொங்கல் வரைக்கும் இருங்கள்.

பகலவன்


நெட்டுக்குப்பம்
2.1.2025

தம்பிக்கு,

ஒன்பது பன்னிரண்டுக்கு முன்னால் வருகிறது.

மாமாவிடம் சொன்னேன். எத்தனையோ நாள் கழித்து வாயைத் திறந்தார். "பாட்ட வுட்டா நான்தான் பாத்தேன்னு ஒத்துக்கினா மாதிரி ஆய்டும். ஒரு வருசத்துக்கு நோட்ல பேரும் ஏறாது. இன்னாத்தத் துன்றது?" என்றார். அவர் போவார். அவரை நிறுத்த என்னால் ஆகாது, உன்னால் ஆகும்.

போனில் மூன்று தடவை கூப்பிட்டேன். "கடையில கூட்டமா இருக்கு அக்கா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாய். உள்ளே சிக்னல் கிடைக்காது, வாசலில் நின்றுகொண்டுதான் பேசினேன். எதிர் வீட்டில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள், விவரத்தைச் சொல்ல முடியவில்லை.

கன்னியம்மா


நந்தனம், புத்தகக் காட்சி
9.1.2025, காலை

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நிம்மதியாக இருக்கலாம். பன்னிரண்டு வரை காத்திருக்க மனசு கேட்கவில்லை. காலை எட்டு மணிக்கு, ஸ்டாலைத் திறக்கும் முன்பே, நீ சொன்னதைப் போட்டுவிட்டேன். எல்லாம் கற்பனை, யாரும் எனக்கு எதுவும் சொல்லவில்லை என்று. மூன்று நாள் முன்னதாகவே போட்டுவிட்டேன் பார். சில்வியா அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார், அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை.

வேடிக்கை என்ன தெரியுமா? யாரும் நம்பவில்லை. மிரட்டி எழுத வைத்துவிட்டார்கள் என்று பேசிக்கொள்கிறார்கள். பத்து மணிக்கே ஸ்டாலில் கூட்டம். மிச்சமிருப்பதும் இன்று போய்விடும் போலிருக்கிறது.

மாமா இந்நேரம் வலையைத் தட்டிக்கொண்டு வீடு வந்திருப்பார். நல்ல இறால் கிடைத்ததா என்று கேட்டதாகச் சொல். பேசலாம் என்று பார்த்தேன், நீ போனை எடுக்கவில்லை. பொங்கலுக்குக் கட்டாயம் வருகிறேன்.

உன் தம்பி,
பகலவன்


நெட்டுக்குப்பம்
16.2.2025

பகலவனுக்கு,

உன் ஒன்பதாம் தேதிக் கடிதம் உன் மாமாவைப் புதைத்த மறுநாள் வந்தது. எட்டு மணி என்று எழுதியிருந்தாய். அவர் நாலு மணிக்கே போய்விட்டார். ஆறரைக்குக் கொண்டுவந்து போட்டார்கள்.

நீ வந்தாய், மாலை போட்டாய், தலையில் அடித்துக்கொண்டு அழுதாய். உன்னோடு வந்தவர்கள் படம் எடுத்தார்கள். அன்று உன்னிடம் பேச முடியவில்லை. பேசியிருந்தால் சபித்திருப்பேன். உன் மேல் எனக்கு ஆத்திரம் இருக்கிறது, சாகும்வரை இருக்கும். ஆனாலும் அந்தக் கடிதத்தை எழுதியவள் நான்தான். அதனால் உன்னை மட்டும் சொல்லவும் முடியவில்லை.

கால் வழுக்கி விழுந்தார் என்று ஊரில் ஒரு காகிதம் எழுதினார்கள். பின்மண்டையில் என் உள்ளங்கை அகலத்துக்குக் காயம் இருந்தது, குளிப்பாட்டும்போது நான் பார்த்தேன். மேட்டு வீட்டுக்காரர் பேனாவை மூடி கழற்றிக் கொடுத்தார். மகிழினி என் பக்கத்தில் நின்றாள். கையெழுத்துப் போட்டேன்.

அதற்குப் பிறகுதான் உன் வாசகர்கள் வரத் தொடங்கினார்கள். ஆற்றுவாயைப் பார்க்க வேண்டும் என்று புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். ஒரு காலேஜ் பெண் நம் வீட்டை விசாரித்துக்கொண்டு வந்து, "நீங்கதான் அந்த அக்காவா?" என்று எட்டாம் அத்தியாயத்தைத் திறந்து நீட்டினாள். கையெழுத்து வேண்டுமாம். முதலில் வேண்டாம் என்றேன். அப்புறம் பேனாவை வாங்கினேன். முத்தையா என்று இருந்ததை அடித்துவிட்டுத் தாமோதரன் என்று எழுதினேன். பார்த்தவனுக்கு நீ பெயர் வைக்கவில்லை, அங்கே துரை என்று எழுதினேன். 'பெரிய மனிதர்' என்று இருந்த இடத்தில் அந்த ஆளின் பெயரை அவன் அப்பன் பெயரோடு முழுசாக எழுதினேன். கீழே, இதெல்லாம் நடந்தது என்று எழுதி என் பெயரைப் போட்டேன். அந்தப் பெண் அதைப் படம் எடுத்துக்கொண்டு போனாள். மறுநாள் மூன்று பேர் வந்தார்கள், அடுத்த நாள் ஒரு வேன் நிறைய வந்தார்கள். யார் நீட்டினாலும் அதையேதான் எழுதிக் கொடுக்கிறேன்.

இந்தக் கடிதத்தை மகிழினியே கொண்டுவருகிறாள். துணி, புத்தகம், பரீட்சைச் சீட்டு எல்லாம் பையில் வைத்திருக்கிறேன். அங்கிருந்தே போய்ப் பரீட்சை எழுதட்டும். நான் கூப்பிடுகிறேன் என்று யார் வந்து சொன்னாலும் அனுப்பாதே. நானே போனில் கூப்பிட்டாலும் அனுப்பாதே.

நான் வரமாட்டேன். நான் கிளம்பிவிட்டால் அவர் கால் வழுக்கித்தான் விழுந்தார் என்று ஆகிவிடும். உனக்கு ஒரே ஒரு வேலை வைத்திருக்கிறேன். புத்தகம் விற்கிறது எப்படி என்று அந்தச் சில்வியா அம்மா உனக்குச் சொல்லிக் கொடுத்தாரே, அதையெல்லாம் இப்போது செய். விடாமல் செய். மூன்றாம் பதிப்பு போடு, கூட்டம் வை, பதிவு போடு, ஆட்களை இங்கே அனுப்பு. வாசலில் யாராவது புத்தகத்தோடு நிற்கிற வரைக்கும் மேட்டு வீட்டு ஆட்கள் தெருமுனையோடு திரும்பிவிடுகிறார்கள்.

இரண்டு நாளாக யாரும் வரவில்லை.

அக்கா,
கன்னியம்மா